கொட்டகையில் நிற்கும் டாடா 207: சரி செய்வதா, மாற்றுவதா?

"அப்பா ஓட்டின 207 மூணு வருஷமா கொட்டகையிலயே நிக்குது. வேலை பாத்து ஓட்டலாமா, இல்ல குடுத்துட்டு வேற வண்டி பாக்கலாமா?" இதே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்கிறார்கள். சிலரிடம் டாடா 207 பிக்கப்புக்குப் பதில் பழைய பொலிரோ பிக்கப் நிற்கும். வண்டி எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க்கும் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக்கும் ஓடி ஓய்ந்த 207 டி.ஐ. போன்ற ஒரு வண்டியை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்பது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கானது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு அது. தமிழ்நாட்டில் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடைக்கிற வரை பழைய டீசல் பிக்கப்பை ஓட்டலாம். அந்தத் தடையைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்கிற புரோக்கர்களை நம்ப வேண்டாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலோர் முதலில் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய டீசல் என்ஜினை எந்த நிலையிலிருந்தும் மீட்டுவிடலாம், செலவும் முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடும். அரித்துப்போன சேசிஸையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சிக்கலில் மாட்டிய ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) அப்படி மீட்க முடியாது.

காகிதம். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது? அப்பா பேரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட வீடுகளில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருடைய சம்மதமும் இப்போது தேவைப்படும். வண்டிக்கு மூன்று லட்சம் செலவழித்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் வீட்டில் சண்டைதான் வரும், முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு) அப்படியே நிற்கும். அதை நீக்கப் படிவம் 35ம் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். கடன் கொடுத்தவர் கடையையே மூடிவிட்டுப் போயிருந்தால் அலைச்சல்தான். அடுத்து என்ஜின் நம்பர். எப்போதோ பழைய பாகக் கடையிலிருந்து வேறு என்ஜின் வாங்கி மாட்டி, அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். எஃப்.சி.க்குப் போய் நிற்கும்போதுதான் அது வெளியே வரும். ஒரு டார்ச்சும் துணியும் எடுத்துக்கொண்டு போய் சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் துடைத்துப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வரி நிலுவை, சலான் நிலுவையைப் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தவணையாக வரி கட்டுகிற வண்டியென்றால், ஓடவில்லை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த காலத்துக்கும் வரி ஏறியிருக்கும்.

சேசிஸ். ஒரு சின்னச் சுத்தியல் போதும். வண்டிக்கு அடியில் படுத்து சேசிஸ் கட்டையை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும். உள்ளுக்குள் அரித்த இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும், துரு ஏடு ஏடாக உதிரும். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கிற ஹேங்கர், குறுக்குக் கட்டைகள் சேரும் மூலைகள், கேபின் உட்காரும் புஷ் பக்கம், இந்த மூன்று இடங்களிலும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். சேறு அப்பியிருந்தால் சுரண்டிவிட்டுத் தட்டுங்கள், துரு அதற்கு அடியில்தான் இருக்கும்.

வண்டி இதுவரை என்ன ஏற்றியது என்பதும் முக்கியம். தேங்காய், காய்கறி ஓட்டிய வண்டியும் மீன் ஓட்டிய வண்டியும் ஒன்றல்ல. மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது பாடிப் பலகை இடுக்கு வழியாக இறங்கி சேசிஸ் மேலேயே வருடக்கணக்கில் சொட்டியிருக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றிய வண்டிக்கும், உர மூட்டை சுமந்த வண்டிக்கும் அதே கதி. வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், ஏமாற வேண்டாம்.

மாத ஓட்டம். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய சரக்கா? அதிகாலைச் சந்தைக்குப் போகிற கத்தரிக்காயும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்கிற செங்கல்லும் வேறு வேறு வண்டியைக் கேட்கின்றன.

பணம் எந்த வடிவில் இருக்கிறது. பழைய வண்டியை வேலை பார்க்க வங்கியில் கடன் கிடைப்பது அபூர்வம். முழுவதும் கைப்பணம். புது வண்டிக்கோ முன்பணம் மட்டும் இருந்தால் போதும், மீதி மாதத் தவணை.

இது தவிர, ஊரில் அந்த வண்டி தெரிந்த மெக்கானிக் இருக்க வேண்டும். 207க்கு அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

## வழி 1: இருக்கிற வண்டியைச் சரி செய்வது

207 டி.ஐ.யின் பெரிய பலம் அதன் என்ஜின். நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர், 2956 சி.சி. 497 வரிசை என்று சொல்வது இதைத்தான். இதே வரிசை என்ஜின் டாடாவின் 407 சிறு லாரியிலும் ஓடியதால் செட் (பிஸ்டன், ரிங், அது ஓடும் உறையான லைனர்), கேஸ்கட், பேரிங் எல்லாம் சாதாரண ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைக்கும். கேபின், கதவு, கண்ணாடி போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி இடங்களைச் சுற்ற வேண்டியிருக்கும்.

புகையைப் பார்த்து ஓரளவு நிலைமையைச் சொல்லலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு பக்கம் வேலை. கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம், ஏர் ஃபில்டர், பம்பு, நாசிலோடு போய்விடலாம். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். ஓடுகிற என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று தள்ளினால் செட் போய்விட்டது.

முழு வேலை என்று முடிவானால் கிராங்கை (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கழற்றியதும் லேத்தில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். கிராங்கை 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகத்தான் கிரைண்ட் செய்வார்கள். முந்தைய ஆட்கள் கடைசி அளவு வரை ஏற்கனவே இறக்கிவிட்டார்கள் என்றால் புது கிராங்க் வாங்க வேண்டும், பட்ஜெட் அங்கேயே எகிறும். தேய்ந்த லைனரில் ரிங்கை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே புகை வரும், கூலி இரண்டு முறை போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்: என்ஜின் முழு வேலை 90,000, பம்பு, நாசில் 20,000, கிளட்ச், பிரேக் 30,000, ஸ்பிரிங் பட்டை, புஷ், ஸ்டியரிங் 20,000, டிங்கரிங், பெயிண்ட் 50,000, டயர்கள், பேட்டரி 45,000, வயரிங், லைட் 10,000, காப்பீடு, எஃப்.சி. வகையில் 35,000. மொத்தம் 3 லட்சம். இதோடு முடியாது. டிங்கர் பழைய பட்டிப் பூச்சைச் சுரண்டும்போது கேபின் தரை ஓட்டையாக இருப்பது தெரியவரும். கியர்பாக்ஸை இறக்கியாயிற்றே, அதையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "பாத்துக்கலாங்க" என்று பதில் சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். வேலைவாரியாக எழுதி வாங்குங்கள். கையில் 4 லட்சம் இல்லாமல் முழு வேலையை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. பாதியில் நின்ற வண்டியை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள், பட்டறைக்காரரும் இடத்தை அடைக்கிறது என்று முணுமுணுப்பார்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் இரண்டு உண்டு. முதலாவது காப்பீடு. 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 விகிதப்படி 16,049 ரூபாய், வரி தனி. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று இது குறையாது. முழுக் காப்பீடு எடுத்தாலும், கவிழ்ந்தோ எரிந்தோ போனால் பாலிசியில் எழுதிய மதிப்புதான் கிடைக்கும். நீங்கள் போட்ட 3 லட்சம் அந்த மதிப்பில் தானாக ஏறாது. பில்களை வைத்துப் பேசினால் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது எஃப்.சி. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடம்தோறும் எஃப்.சி. உண்டு. 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி 20 வயது தாண்டிய இலகு ரக வண்டிக்கு 15,000 ரூபாய். அதற்கு முன்னால் லைட், பிரதிபலிப்பு ஸ்டிக்கர், பெயிண்ட் என்று தயார் செய்கிற செலவு வேறு. பழைய வண்டி 'சும்மா நிற்கிறது' என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 20 வயது தாண்டியிருந்தால் சாலையில் ஏறும் தகுதியோடு நிற்பதற்கே வருடத்துக்கு 35,000 பக்கம் ஆகும்.

ஒரு நல்ல விஷயம்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. உங்கள் ஆர்.சி.யில் எத்தனை கிலோ என்று பாருங்கள். புதிய, கூடுதல் பாரம் ஏற்றும் பிக்கப்புக்கு மாறும்போது இந்தச் சலுகை கைநழுவிப் போகலாம்.

## வழி 2: சில வருடம் ஓடிய வண்டிக்கு மாறுவது

என்னைக் கேட்டால் பி.எஸ்.4 (புகை மாசுக்கு அரசு வைத்த அளவுகோல்) காலத்து வண்டிகளைத் தேடச் சொல்வேன். நாடு முழுவதும் பி.எஸ்.4 கட்டாயமானது 2017 ஏப்ரல், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல். நடுவில் அந்த மூன்று வருடங்களில் வந்த பிக்கப்புகளில் காமன் ரயில் (எலக்ட்ரானிக் முறையில் டீசல் தெளிக்கும்) என்ஜினின் மைலேஜ் கிடைக்கும், பெரும்பாலானவற்றில் புகைக்குழாய்க் கரி வடிகட்டித் தொல்லை (வழி 3இல் சொல்கிறேன்) இல்லை. ஆனால் அவற்றுக்கும் எட்டு வயது நெருங்குகிறது, சிலவற்றுக்குத் தாண்டிவிட்டது. வருடாந்திர எஃப்.சி. அங்கேயும் வரும்.

இதில் உள்ள ஆபத்து எளிமையானது: உங்கள் 207இன் நோய்கள் உங்களுக்குத் தெரியும், அடுத்தவர் வண்டியின் நோய்கள் தெரியாது. மீட்டரை நம்பாமல் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தைப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்கள். கூடுதலாகப் பட்டை ஏற்றியிருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது என்று அர்த்தம். சேசிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் (டயர் மேல் உள்ள கட்டங்கள்) நன்றாக இருந்தாலும் அது வயதான டயர்தான்.

பழைய வண்டிக் கடனுக்கு வட்டி புது வண்டியை விடக் கூடுதல். வாங்கிய உடனே டயர், கிளட்ச், ஆயில் என்று குறைந்தது 40,000, 50,000 எடுத்து வையுங்கள். வாங்கும்போதே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

## வழி 3: புது வண்டி

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, எனவே முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் போடலாம். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் பழைய வண்டியை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், புது சரக்கு வண்டியின் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய அரசின் விதி இடம் தருகிறது.

மைலேஜ் மிச்சமாகும் என்பதற்காகப் புது வண்டி எடுப்பதாகச் சொல்வார்கள். போட்டுப் பார்ப்போம். பழையது லிட்டருக்கு 10, புதியது 13, டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கி.மீ. ஓட்டத்தில் மிச்சம் சுமார் 2,200 ரூபாய். 3,000 கி.மீ. ஓடினாலும் 6,500தான். 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 17,400 பக்கம். டீசல் மிச்சம் தவணையை எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. புது வண்டியின் உண்மையான லாபம் நம்பிக்கை: வண்டி நடுவழியில் நிற்காது, லோடு தவறாது, ஓட்டுநர் ஓடிப்போக மாட்டார். அதற்கு விலை கொடுக்க உங்கள் தொழிலில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கும். வண்டி நல்ல சூட்டில் நீண்ட நேரம் ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவருக்கு அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். அந்த வேலையை வேப்பமரத்தடி மெக்கானிக்கால் பார்க்க முடியாது.

## வழி 4: சொந்த வண்டியே வேண்டாம்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பலருக்கு இதுதான் சரி. மேலே சொன்ன 35,000ஐ மாதத்துக்குப் பிரித்தால் சக்கரம் உருளாமலே சுமார் 3,000 போகிறது. அதற்கு மேல் டீசல், ரிப்பேர், போட்ட மூலதனம். வருடம் முழுக்கச் சேர்த்து மாதச் சராசரி வாடகை 5,000, 6,000க்குள் அடங்கும் என்றால் ஊரில் நிற்கிற வாடகைப் பிக்கப்பைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அறுவடை நேரத்தில் வண்டி கிடைக்காமல் காத்திருப்பது மட்டும்தான் தொல்லை.

| அளவுகோல் | சரி செய்வது | வேறு பழைய வண்டி | புது வண்டி | வாடகை |
|---|---|---|---|---|
| கைப்பணம் | 3 முதல் 4 லட்சம், முழுவதும் ரொக்கம் | பாதி ரொக்கம், பாதி கடன் | முன்பணம் மட்டும் | இல்லை |
| மாதச் சுமை | ரிப்பேர், எஃப்.சி. | தவணையும் ரிப்பேரும் | தவணை மட்டும், ஆனால் பெரிது | போகும்போது மட்டும் |
| நடுவழியில் நிற்கும் அபாயம் | உண்டு, ஆனால் உள்ளூரில் தீரும் | வாங்கிய வண்டியைப் பொறுத்தது | மிகக் குறைவு | உங்கள் தலைவலி இல்லை |
| திரும்ப விற்றால் | போட்ட பணத்தில் பாதி தேறினால் பெரிது | ஓரளவு | முதல் சில வருடங்களில் பெரிய இறக்கம் | பொருந்தாது |
| ஏற்ற மாத ஓட்டம் | 500 முதல் 1,500 கி.மீ. | 1,500 முதல் 2,500 | 2,500க்கு மேல் | 500க்குள் |

கடைசி வரிசை என் அனுபவக் கணிப்பு. சரக்கு அழுகக்கூடியது என்றால் ஒரு கட்டம் வலப்பக்கம் நகருங்கள்.

## அப்போ யார் எதைச் செய்யலாம்

சேசிஸ் சுத்தம், ஆர்.சி. சுத்தம், சொந்தத் தோட்டம் அல்லது கடைச் சரக்கு, அவசரமில்லாத ஓட்டம், கையில் ரொக்கம்: சரி செய்யுங்கள். ஆனால் ஓட்டத்துக்குச் சரி செய்யுங்கள், கண்காட்சிக்கு அல்ல. பிரேக், ஸ்டியரிங், என்ஜின், டயர் முதலில். பெயிண்ட் எஃப்.சி.க்குத் தேவையான அளவு போதும். அகல டயர், பாடியை வெட்டி நீட்டுவது எல்லாம் வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52இல் போய் முட்டும்.

சேசிஸ் அரித்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம். இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்தான், ஆனால் ஒரு டன் பாரத்தோடு மலைப்பாதையில் இறங்கும்போது அது பிளந்தால் பின்னால் வருகிறவரும் சேர்ந்து அனுபவிப்பார்.

தினமும் மார்க்கெட் லோடு, ஓட்டுநர் வைத்து ஓட்டுகிறவர்கள் 207ஐ விட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் நின்றால் போகிற வாடகையும் வாடிக்கையாளரும் எந்த என்ஜின் வேலையையும் விட விலை அதிகம்.

விற்பது என்று முடிவானால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். 1,600 கிலோ வண்டி, கிலோ 25 ரூபாய் என்றால் 40,000 கிடைக்கலாம், ஆனால் ஆர்.சி. உங்கள் பேரில் உயிரோடு இருக்கும். அந்த நம்பர் பிளேட் வேறொரு வண்டியில் ஓடினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அழித்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அழிப்பு மையத்தில் கொடுத்தால் அந்தச் சான்றிதழே கைக்கு ஆதாரம்.

அப்பா நினைவுக்காக வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நியாயமான காரணம்தான், ஆனால் அந்தச் செலவைத் தொழில் கணக்கில் எழுதாதீர்கள். 'விண்டேஜ்' என்று பதியலாமா என்றும் கேட்கிறார்கள். 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, வணிகத்துக்கு ஓட்டாத வண்டிதான் அதில் வரும். 207க்கு முன்னோடியான டாடா மொபைல் 206 வந்ததே 1988இல்தான், ஆக முதல் 206க்கே 2038 வரை காத்திருக்க வேண்டும்.

முடிவெடுக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்றால் அதுவரை வண்டியைப் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். டாங்கில் உள்ள பழைய டீசலை வடித்து, ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றி, நாசில் கழற்றிய ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் சில சுற்று சுற்றிய பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டவும் வேண்டாம்.